மாதிரித் தட்டில் ஒரு கீறல்

"என் குரலைத் திருடிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "போலீஸ்ல சிரிக்கிறாங்க. நீங்களும் சிரிக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வந்த பஸ்லயே திரும்பிப் போயிடறேன்."

துப்பறியும் அம்மாள் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புளுகர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். 'பொறுமை' என்றுதான் அந்த வட்டாரமே அவரைச் சொல்லும். பக்கத்தில் இருந்த கொழுந்தனாருக்கு அந்தக் குணம் மருந்துக்கும் கிடையாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் ஆள் ஏறுவதற்குள் விசில் கொடுத்துவிடுகிற ரகம்.

"யாரு திருடினது? சொல்லுங்க, இப்பவே போய் ஒரு கை பார்த்துடலாம்!"

"முதல்ல அவங்க உக்காரட்டும்" என்றார் பொறுமை.

வந்தவர் ஒரு பாடகி. உட்கார்ந்து சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு ஸ்டூடியோவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் பெரிய பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, இவரை மைக் முன்னால் நிறுத்தினார்கள். பாட்டு சக்கைப்போடு போட்டது. இசைத்தட்டின் லேபிளில் மட்டும் பெரிய பாடகியின் பெயர்.

அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாட்டு யாருடையது என்று தொழிற்சாலையில் குழம்பாமலிருக்க, பாடி முடித்ததும் பாடியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும். விற்பனைத் தட்டில் அதை வெட்டிவிடுவார்கள். முதலில் அழுத்திப் பார்க்கும் மாதிரித் தட்டில் மட்டும் அது இருக்கும்.

"அந்தப் பெரிய பாடகி பேரைத்தான் சொல்லச் சொன்னாங்க. நான் என் பேரைச் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்!"

தொழிற்சாலைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு மாதிரித் தட்டை இவரிடமே கொடுத்திருக்கிறார். வீட்டில் அதைப் போட்ட அன்று, பெண் பிள்ளை பாடுவதாவது என்று கொதித்த அப்பா, ஓடுகிற தட்டில் ஊசியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். விளிம்பிலிருந்து லேபிள் வரை கீறல் விழுந்தது.

இப்போது அந்த ஸ்டூடியோ பெரிய பாடகியின் மகன் கையில். பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி வெளியிடுகிறார். அதற்கு மாதிரித் தட்டு வேண்டும் என்று இவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள், உடைந்த துண்டுகளையும் ஒரு காப்பியையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"கை தவறி உடைஞ்சிடுச்சாம். அதுக்கு முன்னாடியே காப்பி எடுத்தாச்சாம். அதுல பேரே இல்லையாம். எனக்கு வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்றாங்க. நாளைக்கு வெளியீடு. போஸ்டர்ல அவங்கம்மா பேரு."

"துண்டுகளைப் பார்த்தீங்களா?"

"அதை எப்படிங்க பார்க்கறது? மனசு வரல."

பொறுமை பொட்டலத்தைப் பிரித்தார். துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். "பளபளன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு காப்பியை ஓடவிட்டார். சுத்தம் செய்யாத காப்பி. பொரிகிற இரைச்சலுக்கு நடுவே கணீரென்று ஓர் இளங்குரல். கூடவே தட்டு ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று கீறல் இடித்தது. கொழுந்தனாரின் விரல் தானாகவே அதற்கு மேசையில் தட்டத் தொடங்கியது. பாட்டு முடிந்தது. வெறும் இரைச்சல். டக், டக். திடீரென்று விரல் தடுமாறி நின்றது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் பொறுமை.

"ஒண்ணுமில்ல அண்ணி. தாளம் தப்பிடுச்சு."

"உங்களுக்கா, தட்டுக்கா?" என்றபடி பொறுமை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூவரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். முதலாளியான அந்த மகன் வாசலிலேயே மறித்தார். பொறுமை அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அவர் கையில் இருந்த காப்பியைப் பார்த்ததும், பாட்டின் இரைச்சலைச் சுத்தம் செய்கிற நிபுணர் ஹெட்போனைக் கழற்றினார். 'தூசி' என்பது அவருக்கு அங்கே வைத்த பெயர்.

"நான் ஒண்ணையும் தொடலைங்க. அதான் இரைச்சல் அப்படியே இருக்கே?" என்றார் தூசி.

"இரைச்சல் இருக்கு. அதுதான் உங்களைக் காட்டிக்கொடுத்துச்சு" என்றார் பொறுமை. "தட்டு ஒரே வேகத்துல சுத்துது. அப்போ கீறலும் ஒரே இடைவெளியிலதானே இடிக்கணும்? பாட்டு முடிஞ்சப்புறம் ஒரே ஒரு இடத்துல அவசரப்பட்டு இடிக்குது. நடுவுல கொஞ்சத்தை வெட்டி, ரெண்டு பக்கத்தையும் ஒட்டியிருக்கீங்க. சரியா, பேர் சொல்ற இடத்துல. குரல் கேக்குதான்னு பார்த்தீங்க. இரைச்சலைக் கேக்கவே இல்ல. உங்க தொழில்ல அது குப்பைதானே?"

தூசி ஹெட்போனை மேசைமேல் வைத்தார்.

"வெட்டினா என்ன? தட்டுதான் உடைஞ்சு போச்சே! இனிமே யாரு என்ன நிரூபிக்க முடியும்?" என்று கத்தினார் முதலாளி.

"உடைஞ்சது இவங்க தட்டு இல்ல. காப்பியில டக் டக்னு கீறல் இடிக்குது. துண்டுல கீறலே இல்ல. கடையில வித்த தட்டு ஒண்ணை யாரோ உடைச்சு அனுப்பியிருக்காங்க. அப்படின்னா மாதிரித் தட்டு எங்கேயோ முழுசா இருக்கு." பொறுமை தூசியைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தூசி அலமாரியின் பின்பக்கம் கைவிட்டு, மெல்லிய துணியில் சுற்றிய தட்டை எடுத்தார். "உடைச்சிடுன்னாரும்மா. காலமெல்லாம் தட்டைத் துடைச்ச கை. உடைக்க வரல. அதான் கடைத் தட்டு ஒண்ணை உடைச்சு அனுப்பினேன்."

முதலாளியின் முகம் சுருங்கியது. "எங்கம்மா பேர் என்ன ஆகிறது?"

"உங்கம்மா எத்தனையோ பாடினாங்க, அத்தனையும் அவங்களுது. நான் கை தட்டுவேன். இது ஒண்ணு என்னுது. இதை மட்டும் விடமாட்டேன்" என்றார் பாடகி.

தூசி தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். பாட்டு முடிந்து, இரைச்சலில் கீறல் இடித்தது. பிறகு, திமிரும் பயமும் கலந்த அந்தப் பத்தொன்பது வயதுக் குரல் தன் பெயரைச் சொன்னது. அதே நொடியில் எழுபது வயதுக் குரலும் அதைச் சொன்னது. கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளிக்கு வேறு வழியில்லை. "சரி, போஸ்டரை மாத்திடறேன். இந்த டக் டக்கையாவது எடுத்துடலாமா? கேக்க நாராசமா இருக்கு."

"தொடக்கூடாது!" பாடகி தட்டின்மேல் கையை நீட்டினார். "எங்கப்பா ஊசியைப் பிடிச்சு நிறுத்தப் பார்த்தாரு. நீங்க வெட்டிப் பார்த்தீங்க. ரெண்டு பேராலயும் முடியல. அது ஊருக்கே கேக்கட்டும்."

தூசி முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. சுத்தம் செய்கிற கருவியை அணைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து பதியத் தொடங்கினார். கொழுந்தனாரின் விரல் மறுபடி மேசையில் தட்டியது. இந்த முறை அது கடைசிவரை தப்பவில்லை.