மஹேசக் தெருவில் பறிபோன நீலக்கல்

“மூணு நாள் தர்றேன். வியாழக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குள்ள கல்லு இந்த மேசைக்கு வரணும். வரலைன்னா அடுத்த விரல்.”

கிதுறு முதலாளி குரலை உயர்த்தவில்லை. பாங்காக்கில், மஹேசக் தெருவில், நாலாவது மாடியில் கற்களைத் தரம் பிரிக்கும் அறை அது. வெள்ளைத் துணி விரித்த நீள மேசையின் ஓரத்தில் ஜுலைஹாவின் வாப்பா மஹ்மூது லெப்பை உட்கார்ந்திருந்தார். காயல்பட்டினத்தில் முப்பது வருஷமாகக் கல் தரகு பார்த்தவர். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. மேசை இழுப்பறைக்குள் வைத்து ஓங்கி மூடியிருக்கிறார்கள்.

எட்டு நாளைக்கு முன்னால் முதலாளியின் பதினொரு கேரட் நீலக்கல்லை ஊரிலிருந்து கொண்டுவந்தவர் அவர்தான். அன்று ராத்திரி மூத்த மகள் ஹாஜராவின் கணவன், பாங்காக்கிலேயே இருக்கும் தாவூதின் அறையில் தங்கினார். மறுநாள் இந்த மேசையில் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தது தொழிற்சாலையில் செய்த கல். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அவரை இங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

“பொட்டலம் என் இடுப்பை விட்டு இறங்கவே இல்ல” என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னார். மகளைப் பார்த்ததும், “நீ ஏன் புள்ள வந்தே? ஊருக்குப் போ” என்றார்.

ஜுலைஹா போகவில்லை. சென்னையில் கல் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. அந்த நீலக்கல்லை நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்தவளே அவள்தான். கல்லின் நடுவில் முருங்கை இலை போல ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. அப்படி ஒரு தழும்பு இன்னொரு கல்லில் இருக்காது. கல் இந்தத் தெருக்களில் எந்தப் பெட்டியில் கிடந்தாலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும்.

“நான் கூட வர்றேன்” என்றான் தாவூது. “உனக்குத் தாய்லாந்து பாஷை தெரியாது. நான் கேட்டுச் சொல்றேன்.”

மச்சான் கூட இருக்கிறார் என்பதே அவளுக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே இறங்கி நடந்தார்கள். மஹேசக்கில் தொடங்கிச் சீலோம் சாலை, அதன் இருபக்கத்துச் சந்துகள், சந்துகளுக்குள் மாடிப்படிகள். கண்ணாடிக் கதவுக் கடைகளில் குளிர்பதனம் எலும்பைத் தொட்டது. வெளியே வந்தால் வெயில் தார் மணத்தோடு முகத்தில் அறைந்தது. நடைபாதையில் நின்றே வியாபாரம் நடந்தது. ஒருவன் காகித மடிப்பைத் திறந்தான். எதிரே நின்றவன் லென்ஸைக் கண்ணில் வைத்தான். ஒரு சொல்லோடு மடிப்பு மூடியது. படத்தைக் காட்டிக் கடைகடையாகத் தாவூது கேட்டான். கடைக்காரர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஒரு கடையில் சிரித்தார்கள். இன்னொரு கடையில் ஒருவன் நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினான்.

“என்ன சொல்றாங்க மச்சான்?”

“பார்க்கவே இல்லையாம்.”

இரண்டு நாளில் அறுபது கடைகளாவது ஏறி இறங்கியிருப்பார்கள். செருப்பு கடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது. சாலையோரத்தில் ஒரு கோயில், அதற்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான சந்து இருந்தது. உள்ளேயிருந்து சாணை சுழலும் சத்தம் வந்தது. அவள் திரும்பினாள்.

“அங்கே எல்லாம் வெள்ளிக் கடைதான்” என்று தாவூது முன்னால் நடந்தான்.

புதன்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்கு அவன் பள்ளிவாசல் போனான். நிழலில் ஒரு தள்ளுவண்டி டீக்கடை ஓரமாக ஜுலைஹா நின்றாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண் அவளிடம் தமிழில் பேசினாள்.

“முக்காடு போட்ட பொண்ணு, நீ தமிழா?”

பெயர் செல்லாயி. பர்மாவில் மோல்மேனில் பிறந்த தமிழச்சி. பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெருவில் டீ விற்கிறாள்.

“உன்கூட வர்ற ஆளு கடையில என்ன கேக்குறான்னு உனக்குத் தெரியுமா?”

“கல்லைப் பார்த்தீங்களான்னு.”

செல்லாயி டம்ளரைக் கீழே வைத்தாள். “நேத்து எதிர்க்கடை வாசல்ல நின்னு பேசினான். என் காதுல விழுந்துச்சு. ‘இது என் மச்சினிச்சி. மூளை கலங்கிப் போச்சு. எதைக் காட்டினாலும் இல்லன்னு தலையாட்டுங்க, பாவம்’னான். எல்லாக் கடையிலயும் இதுதான் சொல்லியிருப்பான்.”

சிரித்த முகங்களும் நெற்றியில் சுழன்ற விரலும் ஜுலைஹாவின் கண்முன் வந்தன. வாப்பா தங்கிய அறை யாருடையது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“கோயிலுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கே. அங்கே என்ன கடை?”

“கல்லு அறுக்குறவங்க.”

“என்கூட வர்றீங்களா?”

“சும்மா வரமாட்டேன்” என்றாள் செல்லாயி. அவள் பார்வை ஜுலைஹாவின் மணிக்கட்டில் இருந்தது. ஜுலைஹா தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். செல்லாயி அதைக் கடித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

சந்தில் மூன்று பட்டறைகளில் கேட்டுவிட்டு நாலாவதுக்குப் போனார்கள். சாணைக்காரன் பிரசோங் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெரியாது என்றான். ஆனால் அவன் பாதம் மிதியை விட்டுவிட்டது. சாணை மெல்ல நின்றது.

“கிதுறு முதலாளியோட கல்லுன்னு சொல்லுங்க” என்றாள் ஜுலைஹா.

செல்லாயி சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் பிரசோங் எழுந்து பட்டறைக் கதவைச் சாத்தினான். அவன் பயப்படுவதைப் பார்த்து ஜுலைஹாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்படி நிம்மதி வந்ததை நினைத்துப் பின்னாளில் அவள் வெட்கப்பட்டாள். அப்போது வெட்கத்துக்கு நேரமில்லை.

“அவர் இப்ப ஆள் அனுப்புவார். விரலை இழுப்பறையில வைப்பார். இவர் விரலை வச்சுப் பிழைக்கிறவர். அதையும் சொல்லுங்க.”

பிரசோங் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கல்லைக் கொண்டுவந்தவன் இரண்டாக அறுக்கச் சொன்னான். அறுத்த இரண்டும் மறுநாளே ஹாங்காங் போய்விட்டன. நடுவிலிருந்த தழும்பை மட்டும் பிரசோங் சில்லாக எடுத்துப் போட்டிருந்தான். அந்தச் சில்லு ஒரு மாத்திரை டப்பாவில் கிடந்தது. ஜுலைஹா லென்ஸை வைத்தாள். முருங்கை இலை.

செல்பேசியில் ராத்தா ஹாஜராவின் நிக்காஹ் படத்தை எடுத்து நீட்டினாள். பிரசோங் மாப்பிள்ளையின் முகத்தில் விரலை வைத்தான். அவன் சொன்னதை எல்லாம் செல்லாயி தமிழில் திருப்பிச் சொல்ல, ஜுலைஹா வீடியோ எடுத்துக்கொண்டாள்.

தாவூது திரும்பி வந்தபோது அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“களைச்சுட்டியா?” என்று பரிவாகக் கேட்டான்.

“ஆமா மச்சான். முதலாளிகிட்ட போய் இன்னும் நாலு நாள் கேட்டுப் பார்ப்போம். நீங்களும் வாங்க.”

நாலாவது மாடியில் அவள் உட்காரவில்லை. சில்லை வெள்ளைத் துணியின் மேல் வைத்தாள்.

“கல்லை அறுத்துட்டாங்க. மிச்சம் இது.”

கிதுறு முதலாளி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். “யாரு?”

அவள் வாயைத் திறக்கும் முன் மஹ்மூது லெப்பை எழுந்துவிட்டார். “நான்தான். நான்தான் அறுக்கக் கொடுத்தேன். அவங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க.”

ஜுலைஹா வாப்பாவைப் பார்த்தாள். அவர் கண் அவளைக் கெஞ்சியது. வாப்பாவுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஊரில் ஹாஜராவுக்கு வயிற்றில் ஏழு மாசம்.

அவள் தாவூதைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்வான் என்று காத்திருந்தாள். ‘இல்ல மாமா’ என்று ஒரே ஒரு சொல். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஒரு அடி, வாசலைப் பார்த்து நகர்ந்தான்.

ஜுலைஹா வீடியோவை ஓடவிட்டாள்.

அது முடிந்ததும் முதலாளி வாப்பாவின் பாஸ்போர்ட்டை மேசையில் தூக்கிப் போட்டார். மன்னிப்பாக ஒரு வார்த்தை வரவில்லை. “நாற்காலியைக் காலி பண்ணுங்க லெப்பை. வேற ஆள் உட்காரணும்.”

“ஜுலைஹா, உன் ராத்தாவை நினைச்சுப் பாரு” என்று தாவூது கதறினான்.

“நீங்க நினைச்சீங்களா?”

இரண்டாவது மாடி திரும்பும்போது மேலே இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் வந்த சத்தமும் கேட்டது. வாப்பா நின்றார். அவள் அவருடைய நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

விமானத்தில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். “இன்னும் ஒரு விரலு போயிருக்கும். அவ்வளவுதானே புள்ள.”

“உங்க விரலுக்கு நான் யார்கிட்ட போய்க் கேக்க வாப்பா?”

ஊரில் முகம் திருப்பிக்கொண்டு போனவர்களெல்லாம் பழக்கூடையோடு வந்தார்கள். லெப்பை மேல் எங்களுக்குச் சந்தேகமே இல்லை என்றார்கள். இத்தனை நாளில் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் அவர்கள். ஜுலைஹா எல்லாருக்கும் சர்பத் கலந்து கொடுத்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஹாஜரா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். “அவங்க எங்கே?”

“வேலை கொஞ்சம் இருக்கு, வந்துடுவான்” என்று தொடங்கினார் வாப்பா.

“பொய் சொல்லாதீங்க வாப்பா” என்றாள் ஜுலைஹா. அந்த மூன்று நாளில் அவள் படித்துக்கொண்டது அது ஒன்றுதான். அடுத்தவர் நல்லதுக்கென்று மறைக்கிற பொய்யும் யாரோ ஒருவருடைய விரலில்தான் போய் விழுகிறது. வீடியோவை ராத்தாவிடமே கொடுத்தாள்.

ஹாஜரா முழுவதும் பார்த்தாள். அழவில்லை. செல்பேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“வாப்பாவைக் கொண்டுவந்துட்டே. அதுக்கு உன்னை ஏச எனக்கு வாய் வராது” என்றாள். “ஆனா என் புள்ளையைத் தூக்க நீ வராதே.”

பிள்ளை பிறந்த அன்று ஜுலைஹா ராத்தா வீட்டு வாசல் வரைக்கும் போனாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. ஆணா பெண்ணா என்று அங்கே நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பி நடந்தாள்.