வேடு கட்டிய ஜாடி

பீங்கான் சூளை முதலாளி விருத்தகிரி தம் அறுபத்து நான்கு வயதில் யார் வீட்டு வாசலிலும் உதவி கேட்டு நின்றவர் அல்லர். ஆகவே அந்தக் கார்த்திகை மாத அடைமழையில், தேவநாதன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் தெருவின் இரு முனைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. தட்டினார்.

தேவநாதன் முப்பத்தெட்டு ஆண்டுகள் விருத்தாசலத்தில் பத்திரம் எழுதியவர். போலிக் கையெழுத்தையும் திருத்திய தேதியையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று பெயர். வேலையை விட்ட பிறகு, போலீசுக்குப் போக விரும்பாதவர்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். பக்கத்தில் முக்காலியில் அவருடைய துணையாள் பாவாடை உட்கார்ந்திருந்தான். பீங்கான் தொழிற்பேட்டையில் ஜாடிகளைப் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கும் வேலை அவனுக்கு. நாற்பது வயது. துப்பு என்று காதில் விழுந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"வூட்டு விஷயம், தெருவுக்குப் போகக்கூடாது" என்றார் விருத்தகிரி, நின்றபடியே.

"இந்த அறைக்குள்ள வந்தது எதுவும் வெளிய போனதில்லைங்க. உக்காருங்க" என்றார் தேவநாதன்.

விருத்தகிரி உட்கார்ந்தார், முதுகு நாற்காலியில் படவில்லை. சொன்னார்.

அவருடைய ஒரே மகன் தங்கதுரை பீங்கான் தொழில் படித்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊருக்கு வேலைக்குப் போனான். போன ஆண்டு வந்து பெரியநாயகிக்குத் தாலி கட்டி, நாற்பதாம் நாள் திரும்பிவிட்டான். இப்போது மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருக்கிறான். வருகிற வியாழக்கிழமை மெட்ராசில் தூதரக அதிகாரிகள் அவளை நேரில் விசாரிக்கிறார்கள். அதற்காக ஆறு மாதமாகக் காகிதம் சேர்த்தாயிற்று. பாஸ்போர்ட்டு, தங்கதுரை கையெழுத்திட்ட பொறுப்புக் கடிதம், கிராம முன்சீப்பின் சான்று, கல்யாணப் பத்திரிகை, போட்டோ எல்லாம் இருந்தன. அவற்றோடு, மகன் மருமகளுக்கு எழுதிய கடிதங்களும் வேண்டும்.

"கடுதாசி எதுக்குங்க?" என்றான் பாவாடை.

"கல்யாணம் பேப்பர்ல மட்டும் நடந்துதா, ரெண்டு பேரும் புருசன் பெண்டாட்டியா இருக்காங்களான்னு பாக்கணுமாம்." விருத்தகிரியின் முகம் சிவந்தது. "எம் மருமவளுக்கு வந்த கடுதாசிய வெள்ளைக்காரன் படிக்கணுமாம். சரின்னேன். வேற வழி? இருவத்தி மூணு கடுதாசி. இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டினேன். நேத்து ஞாயித்துக்கிழமை திறந்தா, ஒண்ணத் தவிர எல்லாம் போயிடுச்சு."

"சாவி?"

"என் அரைஞாண் கயித்துல. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கும்போது மட்டும் கழட்டிக் கூடத்து ஆணியில மாட்டுவேன். வெள்ளிக்கிழமை நாயகி எண்ணிப் பாத்தா, இருந்துது. சனிக்கிழமை நான் குளிக்கிறப்ப கூடத்துல தனியா உக்காந்திருந்தவன் ஒருத்தன்தான். எம் பெண்டாட்டியோட தம்பி தர்மராஜ். பெண்ணாடத்துலேர்ந்து கரும்பு தூக்கிட்டு வந்தான்."

"அவர் மேல ஏன் சந்தேகம்?"

"அவன் பொண்ணு ராஜாம்பாள்தான் எம் பையனுக்கு மொற. பையன் வேணாம்னுட்டான். நாயகி சீமைக்குப் போறத நெனச்சு அவனுக்கு வயிறு எரியுது. நீங்க அவன்தான்னு நிரூபிச்சுக் கடுதாசிய வாங்கிக் குடுங்க. போதும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை தேவநாதனும் பாவாடையும் விருத்தகிரியின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளைப் பாவாடை குனிந்து ஆராய்ந்தான்.

"ஐயா! இந்த மண்ணப் பாருங்க. பெண்ணாடத்துக் கரும்புக் கொல்ல மண்ணு. தர்மராஜோட செருப்பு அறுந்து இங்கயே போட்டுட்டுப் போயிருக்காரு!"

"அவர் வந்தத வூட்டுல எல்லாரும் பாத்திருக்காங்க. அதுக்குச் செருப்பு எதுக்குப்பா சாட்சி?" என்றபடி தேவநாதன் உள்ளே நுழைந்தார்.

பெரியநாயகி பெட்டியைத் திறந்து காட்டினாள். அழுது வீங்கிய கண்கள். ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"ஒரு பக்கம் அவங்க கடுதாசி, தேதிப்படி அடுக்கி வச்சிருந்தேங்க. இன்னொரு பக்கம் ஆபீஸ் காகிதம். கடுதாசியில ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்குது. பொங்கலுக்கு வாழ்த்து அட்டையோட வெள்ளக் கவருல வந்தது. மத்ததெல்லாம் நீலத்தாளு, ஏர் மெயிலு. அதெல்லாம் போயிடுச்சு. அது மட்டுமில்லீங்க, ஆபீஸ் காகிதத்துலயும் ஒண்ணக் காணோம். அவங்க இருக்கிற வூட்டுக்காரர், எனக்கும் அங்க எடம் இருக்குதுன்னு இங்கிலீசுல டைப் அடிச்சுக் குடுத்தது."

"அது எந்தத் தாள்ல இருந்துதும்மா?"

"அதுவும் நீலத்தாளுதாங்க."

"பாஸ்போர்ட்டு?"

"இருக்குதுங்க. போட்டோவும் இருக்குது."

தேவநாதன் தலையை ஆட்டினார். பிறகு விருத்தகிரியிடம், "மகன் உங்களுக்கும் எழுதறாரா?" என்று கேட்டார்.

"மாசம் ஒண்ணு. எம் பேருக்கு வரும். எல்லாரையும் கூடத்துல வச்சு நான்தான் வாசிப்பேன். அது என் மேசையில தனியா இருக்குது."

"கடைசியா வந்தத எடுத்துட்டு வாங்க. எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசிங்க."

விருத்தகிரிக்கு அது வீண் வேலையாகப் பட்டது. இருந்தாலும் கொண்டுவந்து எதிரே அமர்ந்தார். பசை தடவும் ஓரம் வரை எழுதி நிறைத்திருந்த நீலத்தாளை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மதிப்பிற்குரிய அப்பா, நலம். இங்கே சூளை எல்லாம் கேஸில் எரிகிறது. நம் பேட்டையில் பூச்சு வெடிப்பது சூட்டை வேகமாக ஏற்றுவதால்தான். அம்மாவுக்கு வணக்கம். இப்படிக்கு. வாசிக்க வேண்டியதை வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி காசியம்மாள், "அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

அவள் உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் பாவாடையும் பின்னாலேயே போனான். மேடையில் ஐந்து ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக இருந்தன.

"மொதலாளி வூட்லயும் கழிச்ச ஜாடிதானாம்மா?"

"நல்லது ஊருக்கு, ஓட்ட ஒடசல் எனக்கு. நாப்பது வருசமா இதான்" என்றாள் காசியம்மாள். "அந்தக் கடைசி ஜாடியத் தொடாத. புதுசாப் போட்டது. வாயில துணி போட்டு வேடு கட்டியிருக்குது பாரு."

பாவாடை கையை இழுத்துக்கொண்டான். திரும்பும் வழியில் தேவநாதனிடம், தொழில்காரனுக்கே உரிய ஆதங்கத்தோடு சொன்னான்: "பூச்சு சரியில்லாத ஜாடிங்க. நாலுலயும் உப்புக் கசிஞ்சு அடியில பொரிஞ்சு கெடக்குது. மழையில மேடையெல்லாம் ஈரம். புதுசாப் போட்டதுன்னு அம்மா சொன்ன அஞ்சாவது மட்டும் காஞ்சு கெடக்குதுங்க, மேல கட்டின வேட்டுத் துணியிலயும் எண்ணெய்க் கறை இல்ல. எப்படின்னு தெரியல."

தேவநாதன் நடையை நிறுத்தினார். "நாளைக்குத் தர்மராஜ வரச் சொல்லு" என்றார்.

புதன்கிழமை பகல் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். தர்மராஜ் வந்ததும் வராததுமாக, "கரும்பு கொண்டாந்தவனுக்குக் கள்ளன்னு பட்டமா மாமா? நல்ல மரியாத!" என்றான். விருத்தகிரி அவன் பக்கம் திரும்பவே இல்லை. இன்று மாலை ரயில். கடிதங்கள் கிடைக்காவிட்டால் மருமகள் வெறுங்கையோடு அதிகாரிமுன் உட்கார வேண்டும். ஊர் என்ன பேசும்?

"முதல்ல தர்மராஜ விட்டுடலாம்" என்று தொடங்கினார் தேவநாதன். "பயணத்தக் கெடுக்க வந்தவர் பாஸ்போர்ட்டத்தான் எடுப்பார். அது கைக்கு எட்டற இடத்துல இருந்துது. தொடல. அப்ப, எடுத்தவருக்கு வேண்டியது கடுதாசி மட்டும்தான்."

"அதான் ஐயா எனக்கும் புரியல" என்றான் பாவாடை. "வூட்டுக்காரரோட இங்கிலீசுக் கடுதாசி எதுக்கு? பொங்கல் கடுதாசிய எதுக்கு விட்டாங்க?"

"அங்கதான் விடை இருக்குது. ஆபீஸ் காகிதத்துக்கு நடுவுல கெடந்த நீலத்தாள எடுத்தாச்சு. கடுதாசிக்கு நடுவுல இருந்த வெள்ளக் கவர விட்டாச்சு. எழுத்தப் பாக்கல, நிறத்தப் பாத்திருக்காங்க. தர்மராஜுக்குப் படிக்கத் தெரியும். நாயகிக்குத் தெரியும். விருத்தகிரிக்கும் தெரியும்."

எல்லோர் பார்வையும் காசியம்மாள் பக்கம் திரும்பியது. படிக்கத் தெரியாதவர் அந்த வீட்டில் ஒருவர்தான். ஆணியில் தொங்கும் சாவியை எடுத்தாலும் யாரும் ஏன் என்று கேட்காதவரும் அவரே.

"அப்புறம் ஜாடி. மாங்காய் போட்டா வெயில்ல வைக்கறதுக்குத்தான் வேடு கட்டுவாங்க. அது சித்திரை, வைகாசியில. பத்து நாளா சூரியனையே பாக்காத கார்த்திகையில புது ஊறுகாய் ஏது? அந்த வேட்டுத் துணியில எண்ணெய்க் கறையும் இல்ல, ஜாடி அடியில உப்பும் கசியல. பாவாடை சொன்னப்பவே தெரிஞ்சுது. அதுக்குள்ள உப்பே இல்ல. ஊறுகாய் ஜாடிய மாமியாரத் தவிர வேற யாரும் தொடமாட்டாங்க. அதவிடப் பத்திரமான பெட்டி இந்த வூட்டுல கிடையாது."

காசியம்மாள் எழுந்து போனாள். ஜாடியோடு வந்தாள். வேட்டை அவிழ்த்து, நீலக் கடிதங்களை ஒரு பிடியாக எடுத்து மருமகள் மடியில் வைத்தாள்.

"கிழிக்கல, கொளுத்தல. எண்ணிக்க."

"ஏன் அத்த?" என்றாள் பெரியநாயகி.

"ஏனா? பொறாமதான். இல்லன்னு சொன்னா சாமி குத்தம். தாலி கட்டி நாப்பது நாளு இருந்தவளுக்கு இருவத்தி மூணு. பெத்தவளுக்கு, அம்மாவுக்கு வணக்கம். போஸ்ட்டு ஆபீசுல கூட அதவிட அதிகமாப் பேசுவாங்க. அதுல என்னப் பத்தி ஒரு வார்த்தையாவது இருக்குதான்னு தெரிஞ்சுக்க எடுத்தேன். எடுத்தப்புறம் யாருகிட்டப் போயிப் படிக்கச் சொல்றது? கையில வச்சுப் பாத்துக்கிட்டேன். மொத நாளு, இவ போவாம போனாத்தான் என்னன்னும் நெனச்சேன். அதையும் சொல்லிப்புடறேன்."

"என் மானத்த வாங்கிட்டியே!" விருத்தகிரி எழுந்து நின்றார். "அதுவும் உன் தம்பிக்கு முன்னால! இந்த வூட்டுல இப்படி ஒரு காரியம்..."

"கொஞ்சம் வாசப்பக்கம் வாங்க" என்றார் தேவநாதன்.

தாழ்வாரத்தில் மழைச்சத்தம் பெரிதாக இருந்தது. தேவநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்திரம் எழுதறவனுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. மேசைக்கு எதிர்ல இருக்கிறவர் கையில உள்ள தாளத் தலைகீழாப் படிக்கறது. முப்பத்தெட்டு வருசம் படிச்சிருக்கேன். நேத்து உங்க எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

விருத்தகிரி மழையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வாசிச்சது கால்வாசி. மத்தது யாருக்கு எழுதினதுன்னும் பாத்தேன். உள்ள இதச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அந்தம்மா கடுதாசிய ஒளிச்சு வச்சது நாலு நாளு. நீங்க?"

மூன்று ஆண்டுகள். முதல் கடிதத்திலேயே தொடங்கியது அது. சூளைக்கு முன் நிறுத்தித் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். படிக்க வைத்தவர் அவர். கப்பலேற்றி விட்டவர் அவர். அவருக்கு மகன் எழுதியதெல்லாம் கேஸும் பூச்சும் சூடும். அம்மா காசியம்மாளுக்குத்தான் பனி விழுந்த காலை, கண்ட கனவு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு. அந்த வரிகளை வாய்விட்டு வாசிக்க அவர் நாக்கு எழவில்லை. ஆண்பிள்ளை இப்படிக் குழையலாமா, குடும்பத்துக்கு அழகா என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது காரணமே இல்லை என்பது அவருக்கும் தெரியும். காசியம்மாள் தைரியமாகச் சொன்ன பொறாமை என்ற அந்த வார்த்தைதான் காரணம்.

தேவநாதன் குடையை விரித்தார். பாவாடை வாசலுக்கு வந்து, "இன்னும் ஏதாச்சும் இருக்குதா ஐயா?" என்று ஆவலாகக் கேட்டான். "வழக்கு முடிஞ்சுது, நட" என்றார் அவர்.

விருத்தகிரி உள்ளே வந்தார். தர்மராஜை வெளியே அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அனுப்பவில்லை. மேசையிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து, வழக்கமான நாற்காலியில் அல்லாமல் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இதுல மிச்சம் இருக்குது" என்றார்.

"எதுல?"

"உனக்கு எழுதினது. நான் வாசிக்காம விட்டது." தாளை விரித்தார். வாசித்தார். "அம்மா, நாயகி வரும்போது நீயும் கூட வந்து ஆறு மாதம் என்னோடு இருக்க முடியுமா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீ ஒரு வரி பதில் எழுதச் சொல்லவில்லை. என்மேல் கோபமா?"

தர்மராஜ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். பெரியநாயகி மடியில் இருந்த கடிதங்களை மூடிக்கொண்டாள். காசியம்மாள் அழவில்லை. கணவர் முகத்தை, அன்றுதான் புதிதாகப் பார்ப்பவள் போல, நிதானமாகப் பார்த்தாள்.

"நாயகி, ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்குதா?"

"இருக்குது அத்த."

"ஒரு நீலத்தாளு எடுத்துக்கிட்டு உள்ள வா. நான் சொல்றேன், நீ எழுது."

விருத்தகிரி கையை ஊன்றி எழுந்தார். "என்ன எழுதப் போற?"

காசியம்மாள் சமையலறைக் கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பினாள்.

"அது எனக்கும் எம்புள்ளைக்கும்" என்றாள்.