இடது பக்கம் ஓடிய பஸ்

“என் தம்பி சாவுக்குக் காரணம் நானா, நௌஷாதா? அதை மட்டும் சொல்லுங்க சார், போதும்,” என்றாள் ஈஸ்வரி. இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

மீரா உசேன் அவசரப்படும் ஆள் இல்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் துருவிப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வுபெற்றுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்ட பிறகும் அவரைத் தேடி ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவர் மனைவி ரசியா பேகத்துக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. வந்தவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் அந்த அம்மாளுக்கு.

“மொதல்ல உக்காருங்கம்மா. ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க,” என்றார் மீரா உசேன்.

ஈஸ்வரி இசையமைப்பாளர். சினிமாவுக்கு அல்ல. வயலின், செல்லோ, குழல் என்று முப்பது பேர் கூடி வாசிக்கும் நீண்ட இசைக்கோவைகளை எழுதுகிறவள். சொந்த ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். போன புரட்டாசியில் அவளுடைய இசைக்கோவை ஒன்றை அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். பெரியப்பா ரெங்கசாமியின் அரிசி மில் ஓடாமல் கிடந்தது. அதன் கிடங்கில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் அழகு, காசு கொடுத்தாலும் எந்த அரங்கத்திலும் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

“ஆர்கெஸ்ட்ரான்னதும் சினிமாப் பாட்டுன்னு நெனச்சு ஊர்சனம் பாயோட வந்துடுச்சு. பெரியப்பாதான் சத்தம் போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புனாரு. ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாதுன்னுட்டாரு.” சொல்லும்போது வந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. “தம்பி செம்மொழி செல்லோ வாசிப்பான். கடைசிப் பகுதி அவனுக்காகவே எழுதினது. ஒரே எடத்துல திரும்பத் திரும்பத் தப்பு விட்டான். ஒனக்குப் பதிலா யாரு வேணும்னாலும் வாசிப்பாங்க, எந்திரிச்சுப் போடான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் சார். போயிட்டான். கதவச் சாத்திட்டு அவன் இல்லாமலே வாசிச்சு முடிச்சோம். வெளிய வர்றோம், பெரியப்பா ஓடி வர்றாரு. செம்மொழி வாய்க்கால்ல கெடக்கான்னாரு.”

ரோஷத்தில் குதித்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. கடைசியாக அவனைப் பார்த்தவர் ரெங்கசாமி. அவர் சொன்னபடி, கடைசிப் பகுதி தொடங்குவதற்கு முன்பே வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியதாம். கரையில் நின்று அழுதுகொண்டிருந்தானாம். கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

“தம்பிய எடுத்தப்ப நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டார் மீரா உசேன்.

“பாத்தேன். பேன்ட்ட முழங்கால் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தான், சின்னப்புள்ள மாதிரி.”

“இதுல நௌஷாத் எங்க வந்தாரு?”

நௌஷாத் நாகப்பட்டினத்துக்காரன், ஒலிப்பதிவு செய்தவன், செம்மொழிக்கு உயிர் நண்பன். வாத்தியங்களுக்கு முன்னால் வைத்த மைக்குகளோடு, கிடங்கின் பின்மூலைகளிலும் இரண்டு மைக் வைத்திருந்தான். முதலில் வெளிவந்த பதிவில் அந்த இரண்டையும் யாரும் தொடவில்லை. இப்போது அதையே, முன்னால் மூன்றும் பின்னால் இரண்டுமாகச் சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் சரவுண்ட் சவுண்டுக்காகச் சென்னையில் ஷஹ்பாஸ் என்பவர் புதிதாகக் கலந்து அனுப்பியிருக்கிறார். பின்பக்கத்து மைக்குகளுக்கு அப்போதுதான் வேலை வந்தது.

“கடைசிப் பகுதியில, எனக்குப் பின்னாடி, வலது பக்கம், ‘அக்கா’ன்னு கூப்பிடுறான் சார்.” ஈஸ்வரி தன் வலது தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். “வலது பக்கம் ரோடு. ரோட்டுப் பக்கத்துக் கதவ ஒட்டி, எடை போடுற ரூமுல நௌஷாத் உக்காந்திருந்தான். தம்பி அங்க வந்துதான் கூப்பிட்டிருக்கான். கதவத் தொறந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பான். நௌஷாதக் கேட்டா யாருமே வரலேங்கிறான். அவன் விரட்டுனானா, இல்ல நான் திட்டுனதுலயே மனசு விட்டுட்டானா? எங்க வீட்டுல நௌஷாத் பேரச் சொன்னாலே இப்ப அடிக்க வர்றாங்க.”

“வேற யாரு? அவன்தான் விரட்டியிருப்பான்!” என்றார் ரசியா பேகம்.

“ரசியா, கொஞ்சம் பொறு. அந்தப் பாட்டக் கேட்டுட்டுத் தூக்குல போடுவோம்,” என்றார் கணவர்.

மறுநாள் ஈஸ்வரியின் வீட்டில் கேட்டார்கள். கூடத்தின் நடுவே நாற்காலி, சுற்றிலும் ஐந்து ஒலிபெருக்கிகள். இந்த மாதிரி இசை தம்பதிக்குப் பழக்கமில்லை. தாளமென்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. செல்லோக்கள் வழுக்கி வழுக்கி மேலேறின. யாரோ தொலைவில் ஓலமிடுவதுபோல இருந்தது. ரசியா பேகத்துக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அந்த நேரம் பார்த்து, பின்னால் இடது பக்கமிருந்து ஒரு பஸ் ஹாரன் நீளமாக ஒலித்துத் தேய்ந்தது.

“கும்பகோணம் பஸ்ஸும் பாட்டுல சேந்துக்கிச்சு!” என்று சிரித்தார் ரசியா பேகம்.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் வலது பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. ஒரே ஒரு தடவை. ஈஸ்வரி அதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போயிருந்தாள். முதல் முறை கேட்டதிலிருந்து வேறு எதுவும் தன் காதில் ஏறவில்லை என்று பிறகு சொன்னாள். மீரா உசேன் ஹாரனையும் குரலையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்.

“மில்லப் பாக்கணுமே,” என்றார்.

ரெங்கசாமி கௌரவமான மனிதர். வந்தவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, கிடங்கைத் தானே திறந்து காட்டினார். தெற்குச் சுவரை ஒட்டி மேடை. அதைப் பார்த்தபடி நடுவில் ஈஸ்வரி நின்றிருக்கிறாள். மேற்குச் சுவருக்கு அந்தப்பக்கம் கும்பகோணம் ரோடு. கிழக்குச் சுவரை உரசிக்கொண்டு வாய்க்கால், அதன் தலைப்பில் மதகு. மதகுக்கு அப்பால் ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது; இந்தப்பக்கம் வாய்க்கால் வெறும் சேறாகக் கிடந்தது.

“தண்ணியே காணோமே?” என்றார் மீரா உசேன்.

“மொற வச்சுல்ல விடுறாங்க. நம்ம மொற அடுத்த வாரம். இந்த மதகுச் சாவி எங்கிட்டதான் இருக்கு.” ரெங்கசாமி சுவர் ஆணியில் தொங்கிய இரும்புத் திருகைக் காட்டினார். “மொற இல்லாத நாள்ல தொறந்தா கீழூர்க்காரன் வெட்ட வந்துடுவான்.”

ஈஸ்வரி மதகின் கீழே இருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளத்தின் எதிர்ப்பக்கம் தண்ணீர் நுழைந்து போகும் பாலத்தின் வாய் இருண்டு தெரிந்தது. “சின்ன வயசுல கோவிச்சுக்கிட்டா இதுக்குள்ள எறங்கி உக்காந்துக்குவான். நான்தான் வந்து கூட்டிட்டுப் போவேன்,” என்றாள். ரெங்கசாமி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மீரா உசேன் கிடங்கின் நடுவே மேடையைப் பார்த்து நின்று, பிள்ளைகள் விளையாடுவதுபோல இரண்டு கைகளையும் நீட்டினார். பிறகு கைபேசியை எடுத்தார்.

நௌஷாதிடம் இரண்டு கேள்வி. பின்பக்கத்து மைக்குகளுக்கு என்ன பெயர் வைத்தாய்? “கிழக்கு, மேற்குன்னு வச்சேன் சார்.” மைக் வைக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா? “இல்லவே இல்ல. தண்ணிச் சத்தம் மைக்குல ஏறிடும்னுதான் மொற இல்லாத நாளாப் பாத்து வச்சோம். அப்புறம் பாத்தா தண்ணி நிக்குது. நடுவுல ஏதோ தொறந்து விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு இருந்த நெலமையில யாரு சார் தண்ணியப் பத்திக் கேட்டா?”

ஷஹ்பாஸிடமும் இரண்டு கேள்வி. மில்லைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை, இந்தப் பக்கமே வந்ததில்லை. எதையாவது நீக்கினீர்களா? “கிழக்கு மைக்குல கடைசிப் பகுதிக்கு நடுவுல ‘ஸ்ஸ்’னு ஒரு இரைச்சல் சார். மைக் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு சுத்தம் பண்ணிட்டேன்.”

“சுத்தம் பண்ணாத பதிவ அனுப்புங்க,” என்றார் மீரா உசேன்.

அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுதில் எல்லோரும் அதே கிடங்கில் கூடினார்கள். ஒலிபெருக்கிகளை நௌஷாத்தான் கொண்டுவந்து வைத்தான். ஈஸ்வரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ரெங்கசாமி தோளில் துண்டோடு கதவோரம் நின்றார். ரசியா பேகம் வழியெல்லாம் நச்சரித்தும் கணவர் எதையும் அவிழ்க்கவில்லை. அந்தக் கோபத்தில் அந்த அம்மாள் பேசாமல் இருந்தார், அது அபூர்வம்.

“ஈஸ்வரிம்மா, மேடையப் பாத்து உக்காருங்க. ரோடு எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“வாய்க்கால்?”

“இடது.”

“ஆனா உங்க பாட்டுல பஸ்ஸு இடது பக்கம் ஓடுதே. வாய்க்கால்ல பஸ் ஓடுமா?”

ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ரசியா பேகம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“நம்ம பக்கத்துல சோத்துத் தட்டக்கூடக் கிழக்கால தள்ளி வைன்னுதான் சொல்லுவோம்,” என்று தொடர்ந்தார் மீரா உசேன். “நௌஷாத் நம்ம ஊரு வழக்கப்படி மைக்குக்குப் பேரு வச்சாரு. ஷஹ்பாஸ் இந்த எடத்தப் பாத்ததே இல்ல. மேப்புல கிழக்கு வலது கைப்பக்கம்தான? அப்படியே தூக்கி வலது பக்கம் போட்டுட்டாரு. தெக்கப் பாத்து உக்காந்தா கிழக்கு இடது கைப்பக்கம்னு அவருக்கு எப்படித் தெரியும்? முன்னாடி மைக்குக்கெல்லாம் வாத்தியத்தோட பேரு, அதனால அங்க குழப்பமில்ல. பின்னாடி ரெண்டும் இடம் மாறிடுச்சு. பஸ் ரோட்டுப் பக்கம் போயிருக்கு. அப்ப உங்க தம்பி குரல்?”

“வாய்க்கால் பக்கம்,” என்றாள் ஈஸ்வரி மெல்ல.

“நௌஷாத் சொன்னது நெசம். அவரு கதவுக்கு யாரும் வரல.”

நௌஷாத் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு மாதமாக அவன் சொல்லிச் சொல்லி ஓய்ந்த வார்த்தை அது.

“இப்ப சுத்தம் பண்ணாத பதிவு. கிழக்கு மைக்கு மட்டும்.” மீரா உசேன் தலையசைத்தார். நௌஷாத் ஓட விட்டான்.

வாத்தியங்கள் மங்கலாகக் கேட்டன. வேறு சத்தம் இல்லை. திடீரென்று ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எழுந்து வலுத்தது. மைக் கெட்டுப்போன சத்தம் அல்ல அது. டெல்டாக்காரன் எவனுக்கும் தெரியும். மதகுக்கு அடியில் தண்ணீர் பீறிடும் சத்தம். அதன் நடுவே, “அக்கா!” பிறகும் இரைச்சல் கொஞ்ச நேரம் இருந்தது. வாசிப்பு முடிவதற்குள் டக்கென்று நின்றுவிட்டது.

“கடைசிப் பகுதி தொடங்குறதுக்கு முன்னாடியே தண்ணி கரை தொட்டு ஓடுச்சுன்னு சொன்னீங்க, ரெங்கசாமி அய்யா. இதுல பாட்டு பாதி போனதுக்கப்புறம்தான் தண்ணி வருது. முடியறதுக்குள்ள நின்னும் போயிடுது. மொறத் தண்ணி இப்படி வந்து இப்படிப் போகாது. யாரோ சாவி போட்டுத் தொறந்திருக்காங்க. எதையோ பாத்துட்டுப் பதறி மூடியிருக்காங்க. சாவி உங்க ஆணியிலதான் தொங்குது.”

ரெங்கசாமி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தண்ணி இல்லாம என் நாத்தங்கால் கருகிப்போச்சும்மா,” என்றார் ஈஸ்வரியைப் பார்த்து. “ஊரே வீட்டுக்குள்ள இருக்கு, நீங்களும் கதவச் சாத்திட்டீங்க. கொஞ்ச நேரம் தொறந்துட்டு மூடிடலாம்னு போனேன். அவன் கீழ உக்காந்திருக்கான்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“கூப்பிட்டானே! கேக்கலையா?”

“கேட்டுச்சு.” அவர் அழ ஆரம்பித்தார். “தண்ணி இரைச்சல்ல ஓலம் மாதிரி கேட்டுச்சு. உள்ள வாசிக்கிறாங்கன்னு நெனச்சேன். ஒம் பாட்டுல அப்படித்தானம்மா சத்தம் வரும்... அப்புறம்தான் அவன் செருப்பு மெதந்து வந்துச்சு. மூடிட்டு எறங்கி ஓடுனேன். பாலத்துக்கு அடியில சிக்கிக் கெடந்தான். எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒரு வருசமா எனக்குச் சோறு எறங்கல.”

“எனக்கும்தான் எறங்கல,” என்றாள் ஈஸ்வரி. “நான்தான் கொன்னேன்னு செவுத்துல முட்டிக்கிட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து தலையத் தடவுனீங்க பெரியப்பா.”

காவல் நிலையத்துக்கு அவரே போகிறாரா, தான் ஆள் அனுப்ப வேண்டுமா என்று மீரா உசேன் கேட்டார். ரெங்கசாமி எழுந்து, ஆணியிலிருந்த சாவியைக் கழற்றிக்கொண்டு தானே நடந்தார். மீரா உசேன் கூடவே போனார்.

ரசியா பேகம் ஈஸ்வரியின் அருகில் வந்து உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்லும் அவசரமெல்லாம் அவரிடம் வடிந்திருந்தது. “அவன் சாகப் போகலம்மா. சாகப் போறவன் பேன்ட்டுல சேறு படுமேன்னு சுருட்டி விடுவானா? கோவம் தணியட்டும்னு போய் உக்காந்திருக்கான். நீ வந்து கூட்டிட்டுப் போவேன்னு.”

சொன்ன பிறகுதான் அது ஆறுதலா, இன்னொரு கத்தியா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஈஸ்வரி வெகுநேரம் அழுதாள்.

“நௌஷாத்,” என்றாள் பிறகு. “நான் ஒன்ன...”

“அப்புறம் பேசிக்கலாங்க்கா,” என்றான் அவன். “அந்தக் குரல எடுத்துடச் சொல்லட்டுமா?” என்று கேட்டான்.

“வேணாம். பக்கத்த மட்டும் சரியா மாத்தி, முழுசா ஒரு தடவ போடு.”

நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, மேடையைப் பார்த்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. செல்லோக்கள் வழுக்கி மேலேறின. வலது பக்கம் பஸ் போனது. இடது பக்கம் தண்ணீர் வந்தது.

“அக்கா!”

ஈஸ்வரி இடது பக்கம் திரும்பினாள்.

“என்னடா,” என்றாள்.