அடங்காத ஊசலாட்டம்

மின்னாக்கியின் மின்தொடர்பை ஒரு கணம் வெட்டிச் சேர்த்தால் சுழலி சற்றே தள்ளாடும். திரையில் பச்சைக்கோடு நாலைந்து முறை ஏறி இறங்கி அடங்கிவிடும். இன்று அடங்கவில்லை.

ஓஷில்ட் காபியைக் கீழே வைத்தாள். ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் பிற்பகலிலேயே இருட்டி, ஆய்வுக்கூடச் சன்னல்களில் பனி அப்பிக்கொண்டிருந்தது. திரவ ஹீலியத்தில் உறைந்துகிடக்கும் அந்த மீகடத்தி மின்னாக்கி எந்த அதிர்ச்சிக்கும் நிலைகுலையாமல் ஓட வேண்டுமென்று அவளும் சக ஆய்வாளன் டோர்கெலும் ஊசலாட்டத்தை அடக்கும் செப்புக் கவசத்தை மாற்றி மாற்றிப் பொருத்தியதில், சுவர் வழியே கசியும் அதன் முனகல் அவளுக்குத் தன் வீட்டுச் சத்தம்போல ஆகியிருந்தது. இப்போது அந்த முனகல் மூச்சு வாங்கியது. இழுத்தது, நிறுத்தியது, விட்டது.

“கவசம் தளர்ந்திருக்கும். நிறுத்து, போய்ப் பாத்துட்டு வரேன்,” என்றான் டோர்கெல்.

“தனியாவா?”

“மாமியார் மாதிரிப் பேசாத.”

நிறுத்தினாள். சுழலி வேகம் தணிந்து, இரும்பும் எண்ணெயும் மணக்கும் நிசப்தத்தில் ஓய்ந்தது. அவன் இயந்திர அறைக்குள் போனான், கனத்த கதவு சாத்திக்கொண்டது.

பச்சைக்கோடு இன்னும் ஏறி இறங்கியது.

“டோர்கெல், இங்க அது நிக்கல. வெளிய வந்துடு.”

“நின்னாச்சு ஓஷில்ட். அதுமேல கையே வச்சிருக்கேன்.” ஒலிபெருக்கியில் வந்தது கீச்சென்ற குழந்தைக் குரல்.

மூச்சில் எது கலந்தால் குரல் இப்படிக் கீச்சிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஹீலியம்.

“கசியுது! ஓடி வா!”

“என்ன இப்படிக் கத்தற? எனக்கு ஒண்ணும்...” கீச்சுக்குரல் சிரித்தது. ஏதோ பொத்தென விழுந்தது.

கதவை மோதித் தள்ளினாள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. நிரம்பிய வாயு அதை எதிர்த்து அழுத்தியது. மீட்புப் படையை அழைத்தாள். பனியில் சாலை அடைபட்டிருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி தள்ளினாள். தோள் கன்றியது. கதவின் கண்ணாடிக்கு அப்பால் அவன் காலணிகள் மட்டும் தெரிந்தன. அசைவில்லை.

நெடுநேரம்.

ஓய்ந்த சுழலியிலிருந்து முனகல் கிளம்பியது. இழுத்தது. நிறுத்தியது. விட்டது.

காலணிகள் நகர்ந்தன.

டோர்கெல் எழுந்தான். கதவருகே வந்தான். குளிர்ந்த கண்ணாடியில் முகத்தை அழுத்தினான்.

“தொற, ஓஷில்ட்.” குரல் கீச்சிடவில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது.

அவன் வாய் திறந்திருந்தது. உதடுகள் அசையவில்லை. கண்ணாடியில் மூச்சின் ஆவி துளிகூடப் படியவில்லை.

உள்ளே கைப்பிடி மெல்லத் திரும்பியது.

இவ்வளவு நேரம் தள்ளிய கதவை, இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கம் இழுத்தபடி நின்றாள் ஓஷில்ட்.