ஏழாவது பூஜ்யம்

டெலிபோன் அலறியது!

சுகாதார அலுவலகத்தின் கணக்கு அறை. புள்ளிவிவர அதிகாரி எடுத்தார்.

"சார், பிணவறை கிளார்க் பேசறேன். முந்தாநாள் செத்துப்போன மருந்து வேன் டிரைவருக்கு கொரோனான்னு ரிசல்ட் அனுப்பினேனே... உங்க லிஸ்ட்ல மாரடைப்புன்னு இருக்கு?"

அதிகாரி எதிரே இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"டைப் பண்றப்போ தப்பாயிருக்கும்... பார்க்கறேன்."

வைத்துவிட்டார்.

எதிரே தலைமை டாக்டர். அந்தம்மாவுக்குக் காலையிலிருந்து ஒரே சந்தேகம்.

"ஆறு நாளா ஊர்ல கொரோனா சாவே இல்லையா? என் வார்டுல மூச்சு விட முடியாம தவிக்கறாங்கய்யா! இப்ப ஊரைத் திறந்தா அத்தனையும் பாழ்."

"ஏழு நாள் பூஜ்யம் வந்தா ஊரடங்கை எடுக்கலாம்னு கமிட்டியே சொல்லிடுச்சு மேடம். வேலையில்லாம பட்டினி கிடக்கறவனை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

கேள்வி நியாயம்தான். கேட்ட ஆள்தான் சரியில்லை!

கதவு திறந்தது. முகக்கவசத்தோடு இன்ஸ்பெக்டர்.

"கிளார்க் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணினார் சார். சாவுக்கான காரணத்தை மாத்தினது உங்க பாஸ்வேர்டு. ஒரு தரம் இல்லை... மூணு தரம்!"

டாக்டர் விருட்டென்று எழுந்தார்.

"அடப்பாவி! நீயா?"

அதிகாரியின் தலை தொங்கியது.

"பிரசவத்துக்கு வெளியூர்ல அம்மா வீட்டுக்குப் போன என் சம்சாரம் அங்கேயே மாட்டிக்கிட்டா மேடம். பொண்ணு பொறந்து மூணு மாசம். போன்லதான் பார்த்திருக்கேன்... இன்னும் ஒரே ஒரு பூஜ்யம்..."

சொல்லும்போதே உடம்பு கூசியது. மூன்று வீட்டுச் சாவைத் துடைத்துவிட்டுத் தன் குழந்தையைக் கொஞ்ச நினைத்திருக்கிறார். சீ... என்ன பிழைப்பு! டாக்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாரடைப்புன்னு போட்டதால அந்த வேனை யாரும் கழுவலை. கூடவே இருந்த கிளீனரை யாரும் தனியா வைக்கலை. இன்னிக்கு உங்க மாமியார் ஊர்லேர்ந்து அவனே லோடு ஓட்டிட்டு வந்தான்... இருமிக்கிட்டே! செக்போஸ்ட்ல டெஸ்ட் எடுத்தோம். பாசிட்டிவ்."

"ஐயோ..."

"வேன்ல ஒரு அம்மா இருந்தாங்க. கைக்குழந்தையோட. சாவே இல்லைங்கற நியூஸை நம்பி, கிளீனர்கிட்ட கெஞ்சி ஏறியிருக்காங்க. புருஷனுக்கு சர்ப்ரைஸாம்."

அதிகாரி பதறி நிமிர்ந்தார்.

"எ... எங்கே அவ?"

"டாக்டரம்மாவோட வார்டுல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

அதிகாரி மேஜை மேலேயே கவிழ்ந்து அழுதார். யாரும் தேற்றவில்லை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"சாயந்திரம் அவங்க ரெண்டு பேர் ரிசல்ட்டும் வரும் சார். பூஜ்யமா இருக்கணும்னு வேண்டிக்குங்க... அதை மட்டும் உங்களால டைப் அடிக்க முடியாது!"