ஐவரைப் பிரிந்தவன்

ஓய்வு பெற்ற நாளில் பிச்சாண்டியின் காதுக்குப் பின்னாலிருந்து ராணுவ மருத்துவர் உடனுணரியை எடுத்தபோது வலிக்கவே இல்லை. அரிசி மணியளவு கருவி. எடுத்த மறுகணம் ஐந்து பேர் அவனுக்குள்ளிருந்து எழுந்து போய்விட்டார்கள்.

அவன் குழுவில் ஆறு பேருக்கும் அது இருந்தது. பேச்சைக் கடத்தாது, உணர்வை மட்டும் கடத்தும். பனிமலையில் கூட இருந்த தாப்பாவுக்குப் பசித்தால் பிச்சாண்டிக்கு வயிற்றைக் கிள்ளும். நசீம் பயந்தால் மற்ற ஐவரின் கைகளும் துப்பாக்கிக்குப் போகும். விடுப்பில் வீட்டுக்கு வந்தபோதும் அவர்கள் கூடவே வந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அவன் தனியாக இருந்ததே இல்லை.

குடியாத்தத்தில் ஒரு வங்கியில் காவல் வேலை கிடைத்தது. கல்யாணப் பந்தியில் நூறு பேர் நடுவே உட்கார்ந்தாலும் ஊரே காலியாகிப்போனதுபோல் இருக்கும். தாப்பா தொலைபேசியில் அழைப்பான். குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டான்.

"என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்பாள் மனைவி கோமளா.

"சொல்ற மாதிரி இருந்தா சொல்ல மாட்டனா?"

அந்த ஆண்டு உடனுணரி பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. கணவன் மனைவிக்கென்று ஜோடியாகக் கொடுத்தார்கள். கோமளாதான் அவனை வேலூருக்கு இழுத்துப்போனாள். "அவங்க இருந்த எடத்துல நான் இருந்துட்டுப் போறேன். வாங்க."

பொருத்திக்கொண்டு வெளியே வந்து ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கருவி விழித்தது. தம்ளரை வாயருகே கொண்டுபோன கோமளா அப்படியே நிறுத்தினாள். கண் நிறைந்து வழிந்தது.

"யாருங்க இவங்கல்லாம்? மூஞ்சிகூடத் தெரியல. ஆனா இவங்க இல்லாம இருக்க முடியலியே..."

"எடுத்துடலாம் கோமளா. ஒனக்கெதுக்கு இந்தப் பாரம்..."

பாதியில் நிறுத்தினான். அவளிடமிருந்து அவனுக்கும் வரத் தொடங்கியிருந்தது. அன்பு வரும் என்று நினைத்திருந்தான். வந்தது காத்திருப்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடிய பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு. அவன் வீடு திரும்பிய அன்றே முடிந்திருக்க வேண்டியது, முடியவில்லை. இதோ, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும்போதும், அவன் எப்போது வருவான் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "நான்தான் வந்துட்டேனே, கோமளா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமில்லை, அதுவும் அவனுக்குத் தெரிந்தது.

"இனிமே நம்மால பொய் சொல்லிக்க முடியாதுங்க" என்றாள்.