சன்னல் திட்டில் இருந்த சொட்டு மருந்து

காலையில் முகம் கழுவி நிமிர்ந்தபோதுதான் தூசியக்கா அதைக் கண்டாள். வலது கண்ணின் கருவிழி மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. பஞ்சு ஒட்டியிருக்கிறதோ என்று தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். போகவில்லை. கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். புள்ளியின் ஓரத்திலிருந்து முடியை விட மெல்லிய இழைகள், ஈரச் சுவரில் பூசணம் படர்வதைப் போல, நாலா பக்கமும் ஓடியிருந்தன.

தானிய ஆலையில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சல்லடைகள் நாள் முழுக்க ஆடும் கொட்டகையில் யார் கண்ணில் உமி விழுந்தாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். துணி நுனியைத் திரித்து, இமையைப் புரட்டி, நோகாமல் எடுத்துவிடுவாள். "என் கண்ணுல உமி இல்லக்கா, பொண்டாட்டி விழுந்திருக்கா. அவளையும் எடுத்து விடுங்க" என்பார் மூட்டை தைப்பவர். சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு சொட்டு மருந்து விடுவாள். கணவனின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய மருந்து அது. மறுநாளே சிவப்பு இருந்த இடம் தெரியாது. யாருக்கும் உதவட்டும் என்று சீசாவைக் கொட்டகையின் சன்னல் திட்டிலேயே வைத்திருந்தாள். கடவுள் கொடுத்த கை அதற்குத்தானே என்று நினைத்தவள் அவள்.

தன் கண் உறுத்தியபோதும் அதையேதான் போட்டாள். பத்து நாளாக.

"நல்லாத்தாம்மா கேட்டுச்சு. சிவப்பெல்லாம் போயிடுச்சு" என்றாள் ஆஸ்பத்திரியில்.

"சிவப்பு போகும். உமியோட உள்ள போன பூஞ்சைக் காளான் போகாது" என்றாள் கண் டாக்டரம்மா. "நீங்க போட்டது அதுக்குத் தீனி போட்ட மாதிரி. வேற யாருக்காவது இதைப் போட்டீங்களா? இப்பவே வந்தா காப்பாத்திடலாம்."

ஆறு முகங்கள் அவள் நெஞ்சில் வந்து நின்றன. நாளைக்கு அவர்கள் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

"இல்லம்மா" என்றாள்.

வார்டில் மணிக்கு ஒரு தரம் மருந்து விட்டார்கள். நர்ஸ் ஒவ்வொரு முறையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பரிவுதான் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணை மூடினால் நனைந்த உமியின் மக்கல் வாசனை. வாசனைக்குப் பின்னால், காய்ந்த இலைமேல் புழு ஊர்வது போல ஒரு சரசரப்பு, கண்ணுக்குள்ளிருந்து. என் கண்ணை மட்டும் எடுத்துக்கொள் என்று கடவுளிடம் வேண்டினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள்.

எட்டாம் நாள் கணவன் வந்தான். "ஆலையில எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. அவங்களுக்கும் கண்ணு லேசா மங்குதாம். நீ வந்து பார்த்தா சரியாயிடும்ங்கறாங்க."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, வலது கண்ணில் கட்டோடு, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே ஆலைக்குப் போனாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். உச்சி வெயில். தெருவிலேயே நின்று காது கொடுத்தாள்.

சல்லடைச் சத்தம் இல்லை.

கொட்டகைக் கதவைத் தள்ளினாள். உள்ளே மங்கல். தரையில் கணுக்கால் ஆழத்துக்கு உமி. யாரோ பேசும் சத்தம்.

"தீர்ந்துபோச்சா பாரு."

"ஒரு சொட்டு தண்ணி ஊத்திக் கலக்கு. அக்கா வச்சுட்டுப் போன மருந்து, கேக்காம போகாது."

ஆறு பேர். சுவரோரம். வரிசையாக. தலைகள் அண்ணாந்திருந்தன. சீசா கைக்குக் கை தடவித் தடவிப் போனது. இமையைத் தொட்டது. அடுத்த கை. அடுத்த இமை.

"போடாதீங்க!"

சீசா நின்றது.

"அக்கா! அக்கா வந்துட்டாங்க!" மூட்டை தைப்பவர் சிரித்தார். "வீட்டுல டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. நாங்க போகலையே. நீங்க வந்து பார்க்கட்டும்னு காத்திருந்தோம்."

எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு கண்கள். பன்னிரண்டிலும் வெள்ளை. வெள்ளையின் ஓரங்களில் இழைகள்.

முகங்கள் ஒன்றாகத் திரும்பின. அவள் பக்கம் அல்ல. அவள் குரல் மோதித் திரும்பிய எதிர்ச் சுவரின் பக்கம். அந்த வெற்றுச் சுவரைப் பார்த்து, ஆறு பேரும், இமைகளை விரலால் விரித்துக் காட்டினார்கள்.